தேய்ந்த தகட்டின் சாட்சியம்

திருகோணமலைக் கோட்டை வாசலைக் கடந்து, சுவாமிமலையில் கோயில் கொண்ட கோணேசரிடம் ஏறிச் செல்லும் பாதை நீண்ட பாதையன்று. கால்நடையாக ஏறுவோர்க்கு அது சற்றே மூச்சு வாங்கும் தூரம், அவ்வளவே. ஆனால் விழாக் காலங்களில் அம்மேட்டில் ஏறும் மோட்டார் வாகனங்களுக்கோ அது கடுமையான பரீட்சை. முன்னே அடியார் கூட்டம். பின்னே வாகன வரிசை. போதாக்குறைக்குக் கோட்டைக்குள் உலவும் புள்ளிமான்களும் நினைத்த இடத்தில் பாதையைக் கடக்கும். சாரதி இரண்டு முழம் நகர்கிறார், நிற்கிறார், மீண்டும் இரண்டு முழம். ஒவ்வொரு முறையும் கைப்பிறேக்கை இழுத்து விடுவது அலுப்பாக இருக்கிறது. ஆகவே கிளச்சு மிதியைப் பாதி மிதித்துப் பாதி விட்டு, வண்டியை மேட்டிலேயே தொங்க விடுகிறார். சிறிது நேரத்தில் கருகிய கடதாசியின் நாற்றம் ஒன்று எழுகிறது. கற்பூர மணத்தையும் மீறி அது மூக்கை எட்டும்.

அந்த நாற்றம் வந்த வாகனம் சில வாரங்களில் கராஜுக்குப் போகிறது. "கிளச்சு போய்விட்டது" என்ற தீர்ப்பு வழங்கப்படுகிறது. புதிய தகடு பொருத்தப்படுகிறது. வண்டி ஓடுகிறது. இது ஒரு முறை நேர்ந்தால் எவருக்கும் வியப்பில்லை. தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் தேய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் நான்கு மாதங்களில் மீண்டும் அதே தீர்ப்பு, மேலும் நான்கு மாதங்களில் மூன்றாம் முறை என்று வருமானால், அங்கே கேட்கப்படவேண்டிய கேள்வி வேறு. தகடு தேய்ந்ததா என்பதன்று; தகட்டைத் தேய்த்தது எது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு முகங்கொடுக்கும் ஒருவரை உதாரணமாகக் கொள்வது பொருந்தும். அவர் துறைமுக நகரத்தில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். வண்டி ஒரு பழைய மொறிஸ் மைனர். 1948ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட அச்சிறு கார், இலங்கைத் தெருக்களிலிருந்து இன்னும் முற்றாக மறையவில்லை. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளுக்கும் நிலாவெளிக் கடற்கரைக்கும் போகும் பயணிகளில், அதன் பழமைக்காகவே அதில் ஏற விரும்புவோரும் உண்டு. இந்தச் சாரதி ஒரே வருடத்தில் மூன்று தகடுகளை மாற்றிவிட்டார். தகட்டின் விலையை மட்டும் கணக்கிட்டால் போதாது. தகட்டை மாற்ற எஞ்சினை வெளியே தூக்கவேண்டும். அந்தக் கூலி, வண்டி கராஜில் நிற்கும் நாள்களின் வருமான இழப்பு, அந்நாள்களில் வேறொருவரிடம் போய்விடும் வாடிக்கையாளர். இவை யாவும் சேர்ந்தால் சிறிய வீட்டின் அடுப்பையே தொட்டுவிடும்.

பணம் மாத்திரம் அன்று. திருகோணமலையிலிருந்து ஹபரணைக்குச் செல்லும் வீதி கந்தளாயைக் கடந்ததும் நெடுந்தூரம் காட்டினூடே செல்கிறது. மாலை மங்கியபின் யானைகள் குறுக்கிடும் வீதி அது. நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு இரவில் புறப்பட்ட காரின் கிளச்சு அங்கே கைவிட்டால், எஞ்சின் முழங்கும், வண்டி அசையாது. பழுதின் காரணத்தைக் காணாமல் பாகத்தை மட்டும் மாற்றி அனுப்பிய வேலையின் உண்மையான விலை அந்த இடத்திலேதான் தெரியவரும்.

கிளச்சின் அமைப்பு சிக்கலானதன்று. எஞ்சினின் பின்புறத்தில் கனமான இரும்புச் சில்லு ஒன்று எப்போதும் சுழன்றுகொண்டிருக்கிறது. பறப்புச்சில்லு என்பது அதன் பெயர். அதற்கு எதிரே வலிய வில்லினால் அழுத்தப்படும் இன்னொரு வட்டத் தகடு உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில், அப்பளத்தை இரு பலகைகளுக்கிடையே வைத்தாற்போல, உராய்வுத் தகடு இருக்கிறது. அதன் நடுவிலுள்ள துளை வழியாகக் கியர்ப்பெட்டியின் தண்டு நுழைகிறது. மிதியை விட்டிருக்கும்போது வில் அழுத்துகிறது, மூன்றும் ஒன்றாய்ச் சுழல்கின்றன, வண்டி ஓடுகிறது. மிதியை மிதித்ததும் வில்லின் அழுத்தம் விலகுகிறது. தகடு தனித்து நிற்கிறது. முழுதாகப் பற்றியிருக்கும்போது தேய்வில்லை. முழுதாக விலகியிருக்கும்போதும் தகட்டுக்குத் தேய்வில்லை. பற்றியும் பற்றாமலும் வழுக்கும் அந்த இடைவேளையில் மாத்திரமே அது தேய்கிறது. வெப்பமும் அப்போதே பிறக்கிறது.

அந்த இடைவேளையின் வெப்பம் எவ்வளவு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள ஒரு கார் சமதரையில் முதலாம் கியரில், மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வேகம் வரும் வரை கிளச்சை வழுக்கவிட்டுப் புறப்படுகிறது என்க. அப்பொழுது கிளச்சிலே வெப்பமாக மாறுவது ஏறத்தாழ 4,000 யூல் சக்தி. அவசரக்காரர் சிலர் இரண்டாம் கியரிலேயே புறப்படுவர். அப்போது கிளச்சு முழுதாகப் பற்றுமுன் வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர் வரை ஏறவேண்டும்; வெப்பமோ மும்மடங்காகிறது. இனி, பத்துக்கு ஒன்று என்ற ஏற்றமுள்ள மேட்டில் அதே காரைக் கிளச்சினாலேயே தாங்கி நிறுத்தினால், ஒவ்வொரு செக்கனிலும் 2,700 யூல் வரை அங்கே எரிகிறது. ஆயிரம் வாட் மின்னழுத்திகள் மூன்றை அச்சிறிய உறைக்குள் அடைத்துவைத்தது போன்ற சூடு அது. அரை நிமிடம் அப்படி நின்றால் இருபது தடவை புறப்பட்ட தேய்வு ஒரே தடவையில் முடிந்துவிடும். கோட்டை மேட்டில் எழுந்த நாற்றத்தின் கணக்கு இதுவே.

ஆகவே முதற் சந்தேகம் சாரதியின் இடது காலின்மேல் விழுவது இயல்பு. கராஜ்களில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணமும் அதுவே. பல சமயங்களில் அது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் காலையே குற்றஞ்சாட்டி வேலையை முடிப்பது, நாடி பிடித்துப் பார்க்காமலே எல்லா நோய்க்கும் பத்தியத்தைக் குறைகூறும் வைத்தியத்தை ஒக்கும். கராஜ்காரரை மட்டும் குறைசொல்வதும் நியாயமன்று. சாரதிக்கு அவசரம், வண்டி மாலைக்குள் வேண்டும். தகட்டை மாற்றியதற்குக் கூலி கிடைக்கும். அரைநாள் உட்கார்ந்து காரணம் தேடியதற்குக் கூலி தருவார் அரியர். இந்த ஏற்பாட்டில் இருவரும் சேர்ந்து இழக்கும் பொருள் ஒன்று உண்டு. கழற்றி எறியப்பட்ட பழைய தகடே அது. நடந்ததை நேரிற் கண்ட ஒரே சாட்சி அந்தத் தகடு. அதைக் கேட்காமலே குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

சாட்சியைக் கேட்பதற்கு முன்னர், வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே, நோய் இரண்டில் எது என்று துணியவேண்டும். கிளச்சு பற்றாமல் வழுக்குவது ஒன்று. விடாமல் ஒட்டிக்கொள்வது மற்றொன்று. இரண்டையும் "கிளச்சு சரியில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்குவதாற் பிழையான வைத்தியம் நடக்கிறது. வழுக்கலை அறிய, ஆளில்லாத நேர் வீதியில் உயர்ந்த கியரில் மிதமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அக்சிலறேற்றரைச் சட்டென்று முழுதாக மிதித்துப் பார்க்கலாம். எஞ்சினின் ஓசை மட்டும் உயர்ந்து வண்டியின் வேகம் உயராவிடின் அது வழுக்கல். ஒட்டுதலை அறிய, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிதியை முழுதாக மிதித்து, நான்கைந்து செக்கன் பொறுத்து, பின்னோக்குக் கியரைப் போடவேண்டும். பற்கள் உரசிக் கதறினால் தகடு இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது என்பது பொருள். புறப்படும்போது வண்டி முழுதும் நடுங்கினால் அது மூன்றாம் வகை. எண்ணெய் பட்ட தகடு, வளைந்த அழுத்தத் தகடு, தளர்ந்த எஞ்சின் தாங்கி ஆகியவற்றுள் ஒன்று காரணமாயிருக்கும்.

கடலோர மாவட்டத்தில் இந்தப் பகுத்தறிவு இன்னும் அவசியமாகிறது. உப்பங்காற்றில் நிற்கும் வாகனங்களிலும், ஈரம் சொட்ட மீன் ஏற்றிவரும் வான்களிலும், கியர்ப்பெட்டித் தண்டின் நெடும்பற்களில் துரு பிடிக்கும். தகடு அத்தண்டின்மீது முன்னும் பின்னும் சற்றே வழுகவேண்டியது. துருவினால் அது தடைப்படுகிறது. மிதியை மிதித்தாலும் தகடு பறப்புச்சில்லை விட்டு நன்றாக விலகுவதில்லை. கியர் விழ மறுக்கிறது. சாரதி என்ன செய்கிறார்? மிதியின் சீராக்கும் மரையை இரண்டு சுற்று இறுக்குகிறார். கியர் விழுகிறது, மகிழ்ச்சி. ஆனால் அதனால் மிதிக்கு இருந்த வெற்று அசைவு மறைந்துவிட்டது. அடுத்த மாதம் வழுக்கல் தொடங்குகிறது, தகடு எரிகிறது. துருவில் தொடங்கிய நோய் நெருப்பில் முடிகிறது. புதிய தகட்டைப் போடும்போதாவது தண்டைத் துடைத்து, துருவை நீக்கி, தகடு விரலால் தள்ளினாலே வழுகுகிறதா என்று பார்க்காவிடின், அந்தப் புதுத் தகடும் அதே வழியைத்தான் பின்பற்றும்.

அந்த வெற்று அசைவைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லுதல் தகும். கம்பியாலோ இரும்புக் கோலாலோ இயங்கும் பழைய கிளச்சுகளில், மிதியை விரலால் அழுத்தினால் முதல் அரை அங்குலம் முதல் ஓரங்குலம் வரை அது தடையின்றி இறங்கவேண்டும். சரியான அளவை அந்தந்த வாகனத்தின் கைந்நூல் கூறும். இந்த அசைவு தளர்ச்சி அன்று, தேவை. தகடு தேயத் தேய மிதி தளரும் என்று பலர் எண்ணுகின்றனர். நடப்பது இதற்கு நேர்மாறு. தகடு மெலிய மெலிய, அழுத்தத் தகடு பறப்புச்சில்லை நோக்கி நகர்கிறது. அதன் வில்லின் உள்நுனிகள் பின்னோக்கி வந்து, கிளச்சை விடுவிக்கும் பெயரிங்கை முட்டுகின்றன. வெற்று அசைவு குறைந்துகொண்டே போய் ஒரு நாள் இல்லாமற் போகிறது. அதன் பின்னர், கால் மிதியைத் தொடாதபோதும், யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் அதைச் சற்றே மிதித்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பான நிலை உண்டாகிறது. மாதம் ஒரு முறை குனிந்து மிதியை விரலால் அழுத்திப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் பிற்காலக் கிளச்சுகளில் இந்நோய் வேறு வேடம் பூண்டு வரும். மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பிச் செல்வதற்கென ஒரு நுண்துளை உண்டு. அது அழுக்கினால் அடைபட்டாலோ, மிதியின் கோல் அளவுக்கு மீறி நீண்டிருந்து பிஸ்டன் முழுதாகத் திரும்பாவிட்டாலோ, அமுக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. எஞ்சினின் வெப்பம் ஏற ஏறத் திரவம் விரிந்து கிளச்சை மெல்லத் தள்ளுகிறது. காலையில் நன்றாக ஓடிய வண்டி நண்பகலில் வழுக்குவதும், ஆறியபின் மீண்டும் நன்றாக ஓடுவதும் இதன் அடையாளம். பிறேக் திரவம் இருக்கவேண்டிய கிண்ணத்தில் எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோர் இன்றும் உளர். அது உள்ளிருக்கும் றப்பர் வளையங்களை ஊதவைத்து இதே தீங்கை விளைவிக்கும். பிறேக் திரவமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடலருகே ஈரத்துக்குக் குறைவில்லை. இரண்டு வருடங்களுக்கு ஒரு முறையாவது அதை மாற்றாவிடின் சிலிண்டரின் உட்சுவர் அரிக்கப்படும். இவற்றுள் எதுவும் கிளச்சு உறைக்குள் இல்லை; தகட்டை எத்தனை முறை மாற்றினாலும் இவை அப்படியே இருக்கும்.

இனி, கழற்றிய தகடு. அதைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை: பழைய தகடுகளின் உராய்வுப் பூச்சில் கல்நார் இருந்தது. அத்தூள் நுரையீரலுக்குக் கொடிய பகை. உறைக்குள் படிந்த தூளைக் காற்றுக்குழாயால் ஊதிச் சுத்தம் செய்வது கராஜ்களில் கைவந்த பழக்கம். அதைக் கைவிட்டு ஈரத் துணியால் துடைத்தெடுக்கவேண்டும். புதிய தகட்டைப் பற்றியும் நிச்சயமில்லாதபோது அதே கவனம் நன்று.

தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் அது பேசத் தொடங்கும். இருபுறமும் ஒரே சீராக, ஆணித்தலைகள் வரை தேய்ந்திருந்தால் அது தன் கடமையைச் செய்து முடித்த தகடு; அல்லது மேலே கூறியபடி வெற்று அசைவின்றி ஓயாமல் வழுக்கிய தகடு. ஓடிய தூரம் எவ்வளவு என்று தெரிந்தால் இவ்விரண்டையும் பிரித்தறியலாம். முகம் கண்ணாடிபோல் பளபளத்து, பறப்புச்சில்லில் நீலப் புள்ளிகளும் மயிரிழை வெடிப்புகளும் காணப்பட்டால் அது வெப்பத்தின் கையெழுத்து. அந்தச் சில்லைக் கடைந்து சமப்படுத்தாமல் புதுத் தகட்டைப் பொருத்துவது, மேடுபள்ளமான அம்மியில் புதுக் குழவியை உருட்டுவதுபோல. நடுவிலுள்ள சுருள்வில்கள் உடைந்திருந்தால், எஞ்சினைத் திணறத் திணற உயர்ந்த கியரில் இழுத்தோ, மிதியைத் திடீரென்று விட்டோ ஓட்டியிருக்கிறார்கள். நடுத்துளையின் பற்கள் ஒருபுறமாக அரைபட்டு, குமிழில் வெடிப்பும் கண்டால் குற்றம் வேறு: எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. பொருத்தும்போது வழிகாட்டும் சிறு முளைகள் தொலைந்திருக்கலாம். தண்டின் நுனியைத் தாங்கும் சிறு புதவு தேய்ந்திருக்கலாம். இதைப் பாராமல் மாற்றிய தகடு சில மாதங்களில் இதே இடத்தில் வெடிக்கும். தகட்டின் எந்த முகம் எஞ்சினை நோக்கவேண்டும் என்ற குறியைக் கவனியாது மறுபுறமாகப் பொருத்திய தகடுகளும் இல்லாமலில்லை. சொன்னால் நகைப்பர்; ஆனால் அவசர வேலையில் நடப்பது.

ஈரமாகவும் கறுத்தும் இருக்கும் தகடே மிகவும் கவனத்துக்குரியது. எண்ணெய் பட்ட தகடு பற்றாது. துடைத்தாலும் உலர்த்தினாலும் அதன் உடலில் ஊறிய எண்ணெய் வெப்பத்தில் மீண்டும் கசியும். அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? பறப்புச்சில்லின் பக்கமாகப் படர்ந்து, மெல்லியதாய்க் கறுத்திருந்தால் எஞ்சின் எண்ணெய். கியர்ப்பெட்டியின் பக்கமாக, தண்டைச் சுற்றித் தெறித்திருந்தால் கியர் எண்ணெய். பல வாகனங்களில் அது சற்றுத் தடித்தும் கந்தக வாடையோடும் இருக்கும். தண்டின் பற்களுக்குக் கிறீசை அள்ளிப் பூசியதன் விளைவாகத் தெறித்த கிறீசும் உண்டு. அது நடுவிலிருந்து கதிர்போல் வெளியே ஓடியிருக்கும்.

வாடகைக் கார்ச் சாரதியின் மொறிஸ் மைனருக்கு வந்தால், அவருடைய முதல் இரண்டு தகடுகளும் குப்பையோடு போய்விட்டன. மூன்றாவது தகடு மட்டும் கையில் இருக்கிறது. அது பறப்புச்சில்லின் பக்கத்தில் கறுத்து, எண்ணெய் ஊறியிருக்கிறது. அப்படியானால் எஞ்சினின் பின்புற எண்ணெய்த் தடுப்பு வளையத்தை மாற்றிவிடலாம் என்று தோன்றும். இங்கேதான் அந்தக் காரின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். மைனரில் பிற்காலத்தில் இடம்பெற்ற 'ஏ' வரிசை எஞ்சினின் பின்புறத்தில் அத்தகைய றப்பர் வளையமே கிடையாது! மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. சுழலும் அச்சுத்தண்டின் முடிவில் திருகுமரைபோல் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. தண்டு சுழலும்போது, வெளியேற முயலும் எண்ணெயை அம்மரை திருப்பி உள்ளே தள்ளுகிறது. எளிமையான யுக்தி, ஆனால் அது வெல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எஞ்சினின் வயிற்றுக்குள் அமுக்கம் ஏறக்கூடாது.

எரிவாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேறுவதற்கே எஞ்சினின் பக்க மூடியில் ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். பல வருடக் கசடு அக்குழாயை அடைத்துவிட்டால், மூச்சு முட்டிய எஞ்சின் கிடைத்த வழியால் அமுக்கத்தை வெளியேற்றும். எண்ணெயையும் கூடவே தள்ளும். பின்புறத்துத் திருகுமரையால் அதை எதிர்க்க முடியாது. எண்ணெய் கிளச்சு உறைக்குள் இறங்குகிறது. அளவுகோலின் மேற்கோட்டுக்கு மேலாக, "கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே" என்று எண்ணெய் ஊற்றும் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவேண்டியதில்லை.

இவ்வளவையும் எஞ்சினைத் தூக்காமலே அறிந்திருக்கலாம் என்பதுதான் வருத்தத்துக்குரியது. அக்காரைச் செய்தவர்கள் கிளச்சு உறையின் அடியில் ஒரு சிறு துளை விட்டு, அதில் ஒரு பிளவாணியைத் தளர்வாகத் தொங்கவிட்டிருந்தனர். வண்டி ஓடும்போது ஆணி ஆடி ஆடித் துளையை அடைபடாமற் காக்கும். உள்ளே எண்ணெய் சேர்ந்தால் சொட்டிச் செய்தி சொல்லும். பல கார்களில் அந்த ஆணி எப்போதோ காணாமற் போய், துளையைச் சேறு மூடிக்கொண்டிருக்கும்; சொட்டாத எண்ணெய் உள்ளேயே தங்கித் தகட்டை நனைக்கும்.

இம்மாவட்டத்தில் கிளச்சுக்குச் சோதனை புதிதன்று. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போன வாகனங்கள் இழுவைப் பாதையில் ஏறியே நீரைக் கடந்தன. பாதையின் பலகைமேல் அங்குலம் அங்குலமாக ஏறி நிற்பது பாதிக் கிளச்சின் வேலையன்றி வேறென்ன? பாலம் வந்தபின் அத்தொல்லை நீங்கியது. ஆனால் பழைய வாகனங்கள் பழையனவாகவே இருந்தன. 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்க 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளில், இருக்கும் வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வழியில்லாதோர் பலர். புதுப் பூச்சு ஒட்டிய பழைய தகடும், அளவால் ஒத்து வில்லின் வலிமையால் ஒவ்வாத அழுத்தத் தகடும் பெட்டியின் அச்சைக் கண்டு வாங்கப்பட்டன. தகடு, அழுத்தத் தகடு, பெயரிங் ஆகிய மூன்றையும் அந்த எஞ்சினுக்கு உரியனவாகவே பார்த்தல் வேண்டும். மைனரிலேயே 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கும், 1962இல் வந்த 1,098 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கும் கிளச்சின் விட்டம் ஒன்றன்று. முன்னதற்கு ஆறேகால் அங்குலம், பின்னதற்கு ஏழேகால். பெயரிங் கூட இக்காரில் குண்டுகளால் ஆனதன்று. கரியினால் ஆன ஒரு வளையம். மிதியின்மேல் காலை ஓய்வாக வைத்து ஓட்டுபவர் அந்தக் கரியைத் தம் செருப்பினாலேயே தேய்த்துத் தீர்க்கிறார்.

ஆகவே சாரதியும் கராஜ்காரரும் இம்முறை வேறுவிதமாக வேலையைத் தொடங்குகின்றனர் என்க. நான்காவது தகட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் மூச்சுக்குழாயைக் கழற்றிப் பார்க்கிறார்கள். உள்ளே விரல் நுழையாத அளவுக்குக் கசடு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பியால் குடைந்து எடுக்கிறார்கள். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கிறார்கள். பிஸ்டன் வளையங்கள் முற்றாகத் தேய்ந்திருந்தால் மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்வது மட்டும் போதாது. அந்த எஞ்சினை முழுதாகப் பிரித்தே ஆகவேண்டும் என்பதைச் சாரதி முன்னரே அறிந்துகொள்வது நன்று. இங்கே அமுக்கம் குறைந்திருப்பினும் மிக மோசமில்லை. உறையைத் துடைத்து, பறப்புச்சில்லின் முகத்தைக் கடைந்து, தண்டின் பற்களில் கிறீசை மெல்லத் தடவி மிகுதியை வழித்தெடுத்து, உரிய அளவுள்ள புதுத் தகட்டைப் பொருத்துகிறார்கள். எண்ணெய் அளவுகோலின் மேற்கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தப்படுகிறது. உறையின் அடித்துளையைத் திறந்து, கடையில் சில்லறைக்கு வாங்கிய ஒரு பிளவாணியை அதில் தொங்கவிடுகிறார்கள்.

பழைய தகட்டின் பின்புறத்தில் தேதியும் மைல்மானியின் எண்ணும் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டு, அது கராஜின் சுவரில் ஓர் ஆணியில் மாட்டப்படுகிறது. அன்றிரவு சாரதி தம் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, அதன் அடியில் ஒரு பெரிய கடதாசி மட்டையை விரிக்கிறார். மறுநாள் காலை மட்டையில் ஒன்றுமில்லை. ஒரு வாரம் சென்றபின், கன்னியாவுக்கு இரண்டு தடவையும் கோட்டை மேட்டுக்கு மூன்று தடவையும் போய்வந்த பிறகு, சரியாக அந்த ஆணியின் கீழே சிறு பொட்டளவில் ஒரு கறுப்பு. அவ்வகை எஞ்சினுக்கு அவ்வளவு கசிவு வழக்கமே. சாரதி அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி, மட்டையை மீண்டும் காரின் அடியில் தள்ளிவிடுகிறார்; அடுத்த வாரம் வட்டத்துக்கு வெளியே கறுப்பு வருகிறதா என்று பார்க்கவேண்டும்.